மேசை மேல் ஒரு வந்தவாசி

சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் பாசஞ்சர் ரயில் திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று நின்று நின்று முண்டியம்பாக்கத்துக்கு வரும். சர்க்கரை ஆலையும் அரசு மருத்துவக் கல்லூரியும் இந்த ஊரின் இன்றைய அடையாளங்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதே பகுதி தென்னிந்தியாவின் எதிர்காலத்தைத் தீர்மானித்த கர்நாடகப் போர்களின் நடுவில் இருந்தது. பக்கத்து ஊரான விக்கிரவாண்டியில் 1752இல் மேஜர் கின்னீர் நடத்திவந்த ஆங்கிலப் படை பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்றது. அடுத்த சில வாரங்களில் பாகூரில் ஆங்கிலத் தளபதி லாரன்ஸ் அதற்குப் பதிலடி கொடுத்தார். மேற்கே செஞ்சிக் கோட்டை 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் கைக்குப் போய் 1761இல் ஆங்கிலேயரிடம் வந்தது. வடக்கே வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலியை ஆங்கிலத் தளபதி அயர் கூட் முறியடித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது.

ஐரோப்பாவில் இத்தகைய போர்க்களங்களைச் சுற்றி ஒரு தனிப் பொழுதுபோக்கே வளர்ந்திருக்கிறது. விரல் உயரச் சிப்பாய் உருவங்களைச் சேர்ப்பது, அவற்றுக்கு வண்ணம் தீட்டுவது, மேசையில் களம் அமைத்து விதிப்படி போரை நடத்திப் பார்ப்பது என அதற்கு மூன்று கிளைகள். தமிழ்நாட்டில் இது அரிது. ஆனால் இதற்கு வேண்டிய கைத்திறனும் ஆட்ட மரபும் வரலாறும் விழுப்புரம் வட்டாரத்தைச் சுற்றியே கிடக்கின்றன. இந்தக் கலை எங்கிருந்து வந்தது, எப்படி இயங்குகிறது, இங்கே அது வேரூன்ற என்ன தேவை என்பதை முழுமையாகப் பார்க்க வேண்டிய நேரம் இது.

கல்லறையிலிருந்து கடைத்தெருவுக்கு

சிறு உருவப் படைகளில் பழையது எகிப்தில் கிடைத்தது. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெசெஹ்தி என்ற ஆளுநரின் கல்லறையில், அசியூத் என்னும் ஊரில், மரத்தால் செய்த இரண்டு படைப்பிரிவுகள் இருந்தன. ஒன்றில் 40 எகிப்திய ஈட்டி வீரர்கள், மற்றதில் 40 நூபிய வில்லாளிகள். உயரத்திலும் தோல் நிறத்திலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு காட்டிச் செதுக்கிய அந்தப் படைகளை கெய்ரோ அருங்காட்சியகத்தில் காணலாம்.

இந்தியாவிலும் அரிய சான்று உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் விசாகப்பட்டினம் பகுதியில், பெத்தாபுரம் ஜமீனுக்காக ஒரு பித்தளைப் படையே வார்க்கப்பட்டது. யானை, குதிரை, ஒட்டகம், துப்பாக்கிச் சிப்பாய் என்று அணிவகுத்த அந்தத் தொகுப்பின் உருவங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. நம் வார்ப்புக் கலைஞர்கள் தங்கள் கண்ணெதிரே நடமாடிய சிப்பாயை அப்போதே சிற்றுருவமாக்கிவிட்டார்கள்.

இதைச் சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டும் பொருளாக மாற்றியவர்கள் ஜெர்மனியின் நியூரம்பெர்க் தகரக் கொல்லர்கள். 1770களில் ஹில்பர்ட் குடும்பம் தட்டையான ஈயத்தகர வீரர்களை வார்த்து விற்றது. பின்னர் ஹைன்ரிக்ஸன் பட்டறை 30 மில்லிமீட்டர் உயரத்தை வழக்கமாக்கியது. ஒரே உயரத்தில் வந்ததால் ஒரு கடையில் வாங்கியதை இன்னொரு கடையில் வாங்கியதோடு சேர்த்து நிறுத்த முடிந்தது. சேகரிப்பு என்ற பழக்கம் வளர்ந்ததற்கு இந்த அளவு ஒழுங்கு முக்கியக் காரணம்.

அடுத்த பாய்ச்சல் 1893இல் லண்டனில் நடந்தது. வில்லியம் பிரிட்டனின் நிறுவனம் உள்ளே கூடாக இருக்கும் வார்ப்பு முறையைக் கொண்டுவந்தது. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றியதும் சுவரை ஒட்டிய பகுதி உடனே இறுகும். நடுவில் இருக்கும் குழம்பைத் திருப்பிக் கொட்டிவிடுவார்கள். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. 54 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்த வீரர்கள் ஜெர்மானியரின் கெட்டி வார்ப்புகளைச் சந்தையிலிருந்து தள்ளினார்கள். பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் பழைய பட்டியலில் முதலாம் மதராஸ் காலாட்படையும் இரண்டாம் மதராஸ் ஈட்டிக் குதிரைப்படையும் உண்டு. லண்டன் சிறுவன் பெட்டியைத் திறந்தால் மதராஸ் சிப்பாய் இருந்தான். அந்தச் சிப்பாயின் சொந்த ஊரில் அப்படி ஒரு பெட்டி விற்கவில்லை.

வின்ஸ்டன் சர்ச்சில் சிறுவயதில் ஏறக்குறைய 1,500 பொம்மை வீரர்களை வைத்திருந்தார். அந்த அணிவகுப்பைப் பார்வையிட்ட தந்தை, ராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்டதுதான் தன் வாழ்க்கையின் திசையைத் திருப்பியது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தத் திசை 1896இல் அவரைக் குதிரைப்படை அதிகாரியாக பெங்களூருக்குக் கொண்டுவந்தது.

ஈயத்தின் நச்சுத்தன்மை குறித்த விதிகள் இறுகியதால் 1960களின் நடுவில் பிரிட்டனில் ஈய வீரர்கள் நின்றுபோனார்கள். அதற்குள் ஏர்ஃபிக்ஸ் போன்ற நிறுவனங்கள் கட்டைவிரல் நகத்தை விடச் சற்றே உயரமான பிளாஸ்டிக் வீரர்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்துவிட்டன. இந்தியக் குழந்தைகளுக்கு இந்த உலகம் இரண்டு வழியாக அறிமுகமானது. ஒன்று, திருவிழாக் கடைகளில் தொங்கிய பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்ப் பொட்டலம். மற்றது, எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல் இங்கே தயாரித்து விற்ற ஜி.ஐ. ஜோ. இரண்டிலும் இருந்தவர்கள் அமெரிக்க வீரர்கள்.

சதுரங்கத்திலிருந்து பிறந்த விதிகள்

வீரர்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பதோடு நின்றால் அது அலங்காரம். எந்தப் பிரிவு ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் நகரலாம், எந்தத் தூரத்தில் துப்பாக்கி பலிக்கும், எப்போது படை கலையும் என்று விதி வகுத்தால் அது போர் ஆட்டமாகிறது. அந்த விதிகளின் மூல ஊற்று இந்தியாவில் இருக்கிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம், பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சென்றது. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்ற ஆசிரியர் அதை விரித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள், மலை, ஆறு, சதுப்பு நிலம், பீரங்கி எல்லாம் கொண்ட பலகையை உருவாக்கினார்.

கட்டங்களை முழுவதுமாகக் கைவிட்டவர்கள் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் தந்தையும் மகனும். மகன் 1824இல் வெளியிட்ட முறையில் 1:8000 அளவிலான உண்மையான நில வரைபடம் பயன்பட்டது. ஒரு சுற்று என்பது களத்தில் இரண்டு நிமிடம். இரு தரப்பும் நடுவரிடம் ஆணைகளைக் கொடுக்கும். சேதத்தைத் தாயக்கட்டை முடிவு செய்யும். தனக்குத் தெரிய வாய்ப்பில்லாத எதிரிப் படையை ஆட்டக்காரர் பார்க்க முடியாது. பிரஷ்ய ராணுவம் இதைப் பயிற்சியாகவே ஏற்றது. 1871இல் அது பிரான்ஸை வென்றபின் மற்ற நாட்டு ராணுவங்களும் பின்பற்றின. நீலகிரியின் வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் படைகளின் ஸ்டாஃப் கல்லூரி போன்ற இடங்களில் அதிகாரிகள் இன்று செய்யும் போர்ப் பயிற்சி ஆட்டங்களும் இந்த வம்சம்தான்.

பொதுமக்களின் ஆட்டமாக இதை மாற்றிய நூல் எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’. வீட்டுத் தரையில் பிரிட்டன்ஸ் வீரர்களை நிறுத்தி, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக் குண்டு வீசி வீழ்த்துவது அவர் முறை. வெல்ஸ் போரை வெறுத்தவர். சின்னப் போரை மூன்று நான்கு முறை நடத்திப் பார்த்தவனுக்கே பெரிய போர் எவ்வளவு பெரிய மடமையாக இருக்கும் என்று புரியும் என்பது அந்த நூலில் அவர் வைத்த வாதம். மறு ஆண்டு முதல் உலகப் போர் வெடித்தது.

1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய ‘வார் கேம்ஸ்’ இந்தப் பொழுதுபோக்கைப் பிரிட்டனில் பரவலாக்கியது. அமெரிக்காவில் 1971இல் வந்த ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதிகளிலிருந்து 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது. 1983இல் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனத்தின் ‘வார்ஹேமர்’ வந்தது. இன்று உலகெங்கும் இளைஞர்கள் வாங்கும் மினியேச்சர்களில் பெரும்பகுதி இந்தக் கற்பனை உலகங்களைச் சேர்ந்தது. வரலாற்றுப் போர் ஆட்டம் அதன் பக்கத்தில் சிறிய, பிடிவாதமான வட்டமாகத் தொடர்கிறது.

தமிழ்நாட்டுக் கோயில் தளங்களிலும் மண்டபத் திண்ணைகளிலும் கீறப்பட்டிருக்கும் ஆடுபுலி ஆட்டக் கட்டங்களை இங்கே நினைக்க வேண்டும். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரு தரப்புக்கும் எண்ணிக்கை வேறு, ஆற்றல் வேறு, வெல்லும் வழியும் வேறு. ஆடு கொல்லாது, அடைக்கும். சதுரங்கத்தில் இரு பக்கமும் சமம். உண்மையான போரில் அந்தச் சமம் கிடையாது. சமமில்லாத படைகளுக்கு நியாயமான விதி வகுப்பதே போர் ஆட்டத்தை வடிவமைப்பவரின் கடினமான வேலை. அந்த வேலையைத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் எப்போதோ செய்து முடித்திருக்கிறார்கள்.

வந்தவாசியை எண்ணிப் பார்த்தால்

இந்த ஆட்டம் எப்படி வரலாற்றைக் கற்பிக்கிறது என்பதற்கு வந்தவாசி நல்ல உதாரணம். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்குப்படி கூட்டிடம் ஏறத்தாழ 1,900 ஐரோப்பியக் காலாட்கள், 2,100 சிப்பாய்கள், 330 குதிரை வீரர்கள், 26 பீரங்கிகள். லாலியிடம் 2,250 ஐரோப்பியக் காலாட்கள், 300 ஐரோப்பியக் குதிரை வீரர்கள், 1,300 சிப்பாய்கள், 16 பீரங்கிகள், கூடவே 3,000 மராட்டியக் குதிரைகள். இருபது பேருக்கு ஓர் உருவம் என்று வைத்தால் ஆங்கிலத் தரப்புக்குச் சுமார் 216 உருவங்களும் பிரெஞ்சுத் தரப்புக்கு 192 உருவங்களும் தேவை. மராட்டியருக்கு 150. மொத்தம் 560ஐ ஒட்டி வரும். ஒரு சாப்பாட்டு மேசையும் 15 மில்லிமீட்டர் உயர வீரர்களும் இருந்தால் இதை நடத்திவிடலாம்.

எண்ணியதுமே கேள்விகள் வரும். 150 மராட்டியக் குதிரை உருவங்களை மேசையில் வைத்த ஆட்டக்காரர் அவற்றைக் கொண்டு கூட்டின் பக்கவாட்டைச் சுற்றி வளைக்கவே பார்ப்பார். அன்றைக்கு அந்தக் குதிரைப்படை போரில் இறங்கவில்லை. அதை விதியாக எப்படி எழுதுவது? சுற்றுக்கு ஒரு முறை தாயம் போட்டு, குறிப்பிட்ட எண் விழுந்தால்தான் அவர்கள் நகர்வார்கள் என்று வைக்கலாம். சம்பளப் பாக்கியும் நம்பிக்கைக் குறைவும் ஒரு படையை எப்படிக் கட்டிப்போடும் என்பது அந்தத் தாயக்கட்டையில் தெரியும்.

இரண்டாவது கேள்வி பிரெஞ்சு இடது முனையில். அங்கே ஒரு குளக்கரையை ஒட்டிய காப்பரணில் வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடித்தது. பலர் மாண்டார்கள், மற்றவர்கள் சிதறினார்கள். மேஜர் பிரெரட்டன் தலைமையில் டிரேப்பரின் படைப்பிரிவு அந்த இடைவெளியில் பாய்ந்தது. பிரெரட்டன் விழுந்தார், அரண் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. சரிந்த அணியைத் தூக்கி நிறுத்த முயன்ற புஸ்ஸி சிறைப்பட்டார். வெடி நடக்காமல் போயிருந்தால்? ஆட்டத்தைப் பல முறை நடத்தினால் சில தடவை லாலி வெல்லக்கூடும். கர்நாடகப் போர்களின் முடிவு முன்பே எழுதி வைத்தது போல் பாடநூல் சொல்லும் கதையை இந்த மேசை அசைத்துப் பார்க்கிறது. புதுச்சேரியின் புஸ்ஸி வீதியில் தினம் நடப்பவர்களுக்கு அந்தப் பெயரின் பின்னால் ஒரு மனிதர் எடுத்த முடிவுகள் இருந்தன என்று அது காட்டுகிறது.

உருவங்களே வரலாற்றுச் சர்ச்சையாக மாறிய கதையும் உண்டு. வில்லியம் சைபோர்ன் என்ற அதிகாரி வாட்டர்லூ களத்தில் பல மாதங்கள் தங்கி அளவெடுத்து, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தகர வீரர்களுடன் 1838இல் ஒரு மாதிரியைக் காட்சிக்கு வைத்தார். பிரஷ்யப் படை எந்த நேரத்தில் எங்கே நின்றது என்று அவர் காட்டியது வெலிங்டன் பிரபுவின் தரப்புக்கு உடன்பாடாக இல்லை. புத்தகத்தில் மழுப்பி எழுதலாம். மாதிரியில் ஒவ்வொரு வீரனையும் ஓர் இடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும்.

தூரிகை முனையில்

இந்தப் பொழுதுபோக்கில் மிக அதிக நேரம் போவது வண்ணம் தீட்டுவதில். 28 மில்லிமீட்டர் உயர மதராஸ் சிப்பாய் ஒருவனை எடுத்துக்கொள்வோம். முதலில் வார்ப்புக் கோடுகளை அரத்தால் ராவி, சோப்பு நீரில் கழுவி, சாம்பல் நிறப் பிரைமர் அடிக்க வேண்டும். பிறகு அடிப்படை நிறங்கள்: குட்டைச் சட்டைக்குச் சிவப்பு, தொடையளவுக் கால்சட்டைக்கு வெள்ளை, தலைப்பாகைக்கு நீலம், துப்பாக்கிக் கட்டைக்குப் பழுப்பு. அது காய்ந்ததும் தண்ணீராகக் கரைத்த அடர் நிறத்தைப் பூசினால் அது மடிப்புகளில் தேங்கி நிழலாகும். இதை வாஷ் என்பார்கள். பின் தூரிகையில் இருக்கும் வண்ணத்தைத் துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் தேய்த்தால் வெளிச்சம் விழுந்த தோற்றம் வரும். இது டிரை பிரஷ். கடைசியாக மங்கலான வார்னிஷ்.

தோல் நிறத்தில்தான் சிக்கல். பல காலமாக ‘சதை நிறம்’ என்று புட்டியில் விற்றது இளஞ்சிவப்பு. மாநிறத்தையும் கறுப்பையும் தீட்ட அது உதவாது. வெள்ளையைக் கலந்து வெளிச்சம் காட்டினால் முகம் சாம்பல் பூத்துவிடும். செம்பழுப்பில் தொடங்கி, நிழலுக்கு ஊதா கலந்த பழுப்பும் வெளிச்சத்துக்குக் காவியும் மஞ்சளும் சேர்த்தால் வெயிலில் நிற்கும் முகம் கிடைக்கும்.

பண்ருட்டியிலும் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலும் கொலு பொம்மை செய்கிறவர்களுக்கு இதில் பெரும்பகுதி பழகிய வேலை. காகிதக் கூழை இரண்டு பாதி அச்சுகளில் அழுத்தி, காய்ந்ததும் ஒட்டி, வெள்ளைப் பூச்சுப் பூசித் தேய்த்து, உடல் நிறம், உடை, நகை என்று படிப்படியாக வருவார்கள். கண்ணைக் கடைசியில் எழுதுவார்கள். பண்ருட்டிப் பொம்மையும் லண்டன் பிரிட்டன்ஸ் வீரனும் உள்ளே கூடாக இருப்பது ஒரே காரணத்துக்காக: பொருள் மிச்சம், எடை குறைவு. கல்யாண செட், கிரிக்கெட் செட், கிராமத்துச் சந்தை செட் என்று காட்சி காட்சியாக வாங்கி, படிக்குக் கீழே மண் கொட்டிக் கேழ்வரகு முளைக்க வைத்து, கண்ணாடி வைத்துக் குளம் காட்டும் கொலு வீட்டாருக்குக் களம் அமைப்பது புதிதாகக் கற்க வேண்டிய கலையல்ல.

ஆனால் ஒரு தொழில்நுட்ப எல்லை இருக்கிறது. காகிதக் கூழிலும் களிமண்ணிலும் 28 மில்லிமீட்டர் வீரனின் துப்பாக்கி நிற்காது, முறிந்துவிடும். ஆட்டத்தில் கையால் தூக்கி வைக்கும் உருவத்துக்கு உலோகமோ ரெசினோ வேண்டும். மூல உருவத்தை மெழுகில் செதுக்கும் திறன் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் தலைமுறைகளாக இருக்கிறது. ரெசின் முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் இப்போது சிறு பட்டறை வாங்கும் விலைக்கு வந்துவிட்டன. ஒரு முறை வடித்த உருவத்தை நூறு முறை எடுக்கலாம். கையுறை, முகமூடி, நல்ல காற்றோட்டம் ஆகிய மூன்றையும் விடக் கூடாது. பழைய ஈய வீரர்களைச் சேகரிப்பவர்கள் அவற்றைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

எழும் மறுப்புகள்

போரை விளையாட்டாக்கலாமா என்பது முதல் கேள்வி. அது நியாயமான கேள்வி. கர்நாடகப் போர்களில் நெல்லும் மாடும் பறிபோய் ஊரை விட்டு ஓடியவர்கள் இந்தப் பகுதியின் குடியானவர்கள். மேசையில் அவர்கள் இல்லாமல் போனால் அந்த ஆட்டம் பொய். ஆனால் விதிகளில் அவர்களுக்கு இடம் கொடுக்க முடியும். ஊரைக் கொள்ளையடிக்கும் தரப்புக்கு உடனே தீனி கிடைக்கட்டும். அடுத்த சுற்றுகளில் வழிகாட்டியும் உளவுச் செய்தியும் கிடைக்காமல் போகட்டும். ஆட்டம் முடியும்போது எரிந்த ஊர்களையும் எண்ணட்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. வந்தவாசியில் இரு பக்கமும் நின்ற சிப்பாய்கள் இந்த மண்ணில் ஆளெடுக்கப்பட்டவர்கள். இரண்டு அந்நியக் கம்பெனிகளின் சண்டையை நாம் ஏன் பொம்மையாக்க வேண்டும்? இந்த மறுப்புக்குச் செஞ்சி ஒரு பதில் தருகிறது. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து மாண்ட தேசிங்கு ராஜனின் கதையைக் கதைப்பாடலிலும் தெருக்கூத்திலும் இந்த மக்கள் காப்பாற்றி வைத்தார்கள். தோழன் மகபத்கானும் குதிரையும் அந்தக் கதையில் பங்கு பெறுகிறார்கள். நினைவில் வைக்க விரும்பியவரை அவர்கள் கலையாக்கினார்கள். கம்பெனிச் சிப்பாய்க்கு அப்படி ஒரு கூத்து அமையவில்லை. அவன் யார், எதற்காகச் சேர்ந்தான், என்ன உடுத்தினான், என்ன சம்பளம் வாங்கினான் என்று கேட்க வைக்கும் எந்த முயற்சியும் மதிப்புள்ளது. ஓர் உருவத்தை வடிக்க உட்காருகிறவர் இந்தக் கேள்விகளைத் தவிர்க்கவே முடியாது. ஆதாரங்களும் கையருகே உள்ளன. புதுச்சேரியில் 1736இலிருந்து 1761 வரை நீண்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. ராபர்ட் ஆர்மின் போர் வரலாறு களப் படங்களுடன் கிடைக்கிறது. கோட்டைகள் நேரில் நிற்கின்றன.

எங்கே தொடங்கலாம்

வந்தவாசி பெரிய போர். முதல் முயற்சிக்கு விக்கிரவாண்டி பொருத்தம். கின்னீருடன் வந்தவர்கள் சுமார் 200 ஐரோப்பியர், 1,500 சிப்பாய்கள், நவாபின் 600 குதிரை வீரர்கள். இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தப் படை 115 உருவங்களுக்குள் அடங்கும். எதிர்த் தரப்பையும் சேர்த்தால்கூட ஒரு பள்ளி வகுப்பு சில வார இறுதிகளில் தீட்டி முடித்துவிடலாம். களத்தைப் பார்க்க முண்டியம்பாக்கத்திலிருந்து அடுத்த ரயில் நிலையம் போனால் போதும். ஆறு எந்தப் பக்கம் வளைகிறது, பீரங்கி வண்டி எந்த நிலத்தில் புதையும் என்று மாணவர்களே நடந்து பார்த்து வரைபடம் போடலாம். செஞ்சிக்கு வரும் பள்ளிச் சுற்றுலாக்களுக்கும் இப்படி ஒரு மேசை நல்ல பாடம்.

அந்த 115இல் ஐரோப்பியர் பத்துப் பேர். அவர்களுக்கான உருவங்களை ஐரோப்பியப் பட்டறைகளிலிருந்து இன்றே வரவழைக்கலாம். சிப்பாய்கள் 75 பேர். கம்பெனியின் சிவப்புச் சட்டை பொதுவழக்கமாகாத காலம் என்பதால் 1752இன் சிப்பாய் பெரும்பாலும் சொந்த உடையில், சொந்தத் தலைப்பாகையில், கம்பெனித் துப்பாக்கியோடு நின்றான். 75 உருவங்களில் இரண்டுக்குக்கூட ஒரே உடை தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு மூல உருவங்களை இங்குள்ள சிற்பி ஒருவர் வடித்து, பண்ருட்டித் தூரிகை ஒன்று தீட்டினால் அந்தப் படை நிற்கும். வேறெந்த நாட்டுப் பெட்டியிலும் அது கிடைக்காது என்பதால் முதலில் வடிக்க வேண்டியவர்கள் இந்த 75 பேர்தான்.